வீரமணியின் மூளையில் கசிந்த அளவு

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல்தான், எனக்குப் பிடிக்கும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் தஞ்சாவூரில் மூளை அறுவை மருத்துவன். என் கையால் பிழைத்தவர்கள் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நாகூர் வரை நடமாடுகிறார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் வாக்குமூலம் கேட்டதில்லை.

வீரமணி முத்துப்பேட்டை மீனவர். படகைக் கரையேற்றும்போது கயிறு அறுந்து, கட்டை தலையில் அடித்திருக்கிறது. கொண்டுவரும்போதே மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. ரத்தத்தில் அல்புமின் என்றொரு புரதம் உண்டு. நல்ல மூளைக்குள் அது எளிதில் நுழையாது. அடிபட்ட மூளையில் ரத்தக்குழாய்ச் சுவர் தளர்ந்து, கசியும். பின்னாலேயே நீரும் போகும், வீக்கம் கூடும். எவ்வளவு கசிகிறது, எவ்வளவு வேகமாக? எலிகளைக் கொன்று அளந்திருக்கிறோம். உயிருள்ள மனிதனில், வீக்கத்தை அதன் போக்கில் விட்டு அளந்தவர் யாரையும் நான் அறியேன். அறுவை செய்து மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் மூளையின் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் எதை அளப்பது?

ஆகவே அறுவை செய்யாமல், கசிவைச் சாம்பிள் எடுத்து அளக்க மூளைக்குள் ஒரு மெல்லிய குழாயை மட்டும் வைத்தேன். ஆபரேஷன் தியேட்டர் தயாராகத்தான் இருந்தது.

அவர் மனைவி கனகா வாசலைவிட்டு நகரவில்லை.

"ஆபரேசன் எப்ப சார் பண்ணுவீங்க?"

"பிரஷர் நிலைக்கு வரட்டும்மா. அவசரப்பட்டா ஆபத்து."

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்று கும்பிட்டாள். அவருடைய ரத்த அழுத்தம் சீராகவே இருந்தது.

நர்ஸ் செம்மொழி நல்ல பெண். உங்களிடம் வந்தது அவள்தான் என்று தெரியும், கோபமில்லை.

"சார், ஒரு பக்கம் கண்ணுப் பாப்பா விரிஞ்சிருச்சு. இப்பவாச்சும் உள்ள கொண்டுபோயிரலாம் சார்."

"இன்னும் ஒரு சாம்பிள் எடும்மா" என்றேன்.

அழுதுகொண்டே எடுத்தாள். கசிவு அப்போதுதான் செங்குத்தாக ஏறத் தொடங்கியிருந்தது. அந்த ஏற்றத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டீர்கள்.

ஆம், அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்தேதான் தள்ளிப்போட்டேன். ஒரு மனிதர் மறுபடி படகுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். இனி அடிபட்டு வரும் தலைகளை எப்போது திறக்க வேண்டும் என்பதை என் அளவு சொல்லும். அதில் உங்கள் பிள்ளையின் தலையும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன்.

ஒரு வருத்தம் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கசிவு உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே வீரமணி இறந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம்.