ஷெல்லர் முனைக்கு ஆறு பவுண்டு தங்கூசி

தூண்டில் கம்பு வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பா, நீலமா என்று நின்று யோசிப்பார்கள். நான் நுனியை வளைத்துப் பார்க்கச் சொல்வேன். வால்ஐ மீனைப் பிடிக்க, முள்ளோடு கட்டிய ஈயக்குண்டை ஏரியின் அடித்தரையில் தட்டித் தட்டி இழுத்துப் போகவேண்டும். கம்பின் கீழ்ப்பாதி அந்த ஈயத்தைத் தாங்குகிற விறைப்போடு இருக்கவேண்டும். நுனி மட்டும் மீனுக்குச் சந்தேகம் வராத அளவுக்கு மெதுவாக வளையவேண்டும். உங்களுக்கும் நான்தான் தேர்ந்து கொடுத்தேன், ஆபீசர். இதுவரை குறை ஒன்றும் சொன்னதில்லை நீங்கள்.

தங்கூசி என்கிற நைலான் நரம்பு விஷயத்தில்தான் எனக்குப் பிடிவாதக்காரன் என்று பெயர். இப்போது எல்லாரும் பின்னல் நூலுக்குத் தாவிவிட்டார்கள். அது நீளாது, ஈயம் தட்டுவது கல்லா சேறா என்று விரலுக்கே சொல்லிவிடும், லேசில் அறாது. எல்லாம் உண்மைதான். ஆனால் ஷெல்லர் முனைக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் ஆறு பவுண்டு எடைக்கு மேல் தாங்காத தங்கூசியைத்தான் கையில் திணிப்பேன். அணை கட்டியபோது முழுகிய மரங்கள் அங்கே அடியில் நிற்கின்றன. தூண்டில் முள் அவற்றில் மாட்டினால் வெடுக்கென்று இழு, அறுந்துவிடும், போன ஈயத்துக்கு வேறு தருகிறேன் என்பேன். இனாமாகவே கொடுத்திருக்கிறேன்.

"அந்த முனையில ஈயத்தை விதைச்சு என்னப்பா அறுக்கப் போற?" என்று கோதுமைக்கார ஏர்ல் கிண்டல் செய்வான். "ஏரிக்கு வரி கட்டணும்னா வெண்டலின் கடைக்கு வாங்கன்னு போர்டு வையேன்."

நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

கடை எனக்கும் கிளெமென்ஸ் வெட்டருக்கும் பொது. அவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மேற்கே போய்விட்டான் என்று ஊரில் சொன்னது நான்தான். படகுத்துறையிலிருந்தே கிளம்பிவிட்டான் என்று அவன் மனைவி லவீனாவிடமும் நானே சொன்னேன். அந்த வருஷங்களில் பலபேர் சொல்லாமல் கொள்ளாமல் அப்படிப் போனார்கள். யாரும் தோண்டித் துருவவில்லை. அவள் மட்டும் சமையலறை ஜன்னல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள்.

கிளெமென்ஸ் கெட்டவன் இல்லை. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். என் மகள் ஒரேகானில் இருக்கிறாள், குழந்தை பிறந்திருந்தது, வந்து எங்களோடு இருங்கள் என்றாள். கடையை விற்கலாம் என்று ஒரு குளிர்காலம் முழுக்க அவனிடம் கேட்டேன்.

"கடையை வித்துட்டு நான் என்ன பண்றது? உன் பேத்திக்குத் தொட்டில் ஆட்டவா?" என்று சிரித்தான். அவன் கையெழுத்து இல்லாமல் என் பாதி எதற்கும் ஆகாது. எனக்கு மூச்சு முட்டியது. மே மாதம் ஷெல்லர் முனையில் அவன் முள் மரத்தில் மாட்டிக்கொண்டது. எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தான். நங்கூரம் என் காலடியில் இருந்தது. வேறு ஏதாவது இருந்திருந்தால் அதை எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். பிறகு அந்த நங்கூரத்தையே, கயிற்றோடு, அவனுக்குக் கட்டினேன்.

இனி நான் போகலாம் என்று இருந்தேன். அவன் பாதிக்கு லவீனாவே கையெழுத்துப் போடலாம் என்று வக்கீல் வழி சொன்னார். வாங்க ஓர் ஆள் வந்தான். கடைச் சுவரைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "இந்தத் தங்கூசியெல்லாம் தூக்கிக் கடாசணும். இனிமே பின்னல் நூல்தான்." விற்பனைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் வேறு யார் நின்றாலும் ஒரு கோடைக்குள் கிளெமென்ஸ் மேலே வந்துவிடுவான். நான்தான் நிற்கவேண்டும், சாகிறவரை. பேத்தியைப் பார்க்கப் போகவில்லை. மகள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். ஏரி உறைந்து படகுகள் கரையேறிய பிறகுதான் எனக்குத் தூக்கமே வரும்.

இன்று காலை லவீனா வந்தாள். கையில் புதுக் கம்பு, பிஸ்மார்க் நகரத்தில் வாங்கியது. ரீல் நிறையப் பின்னல் நூல்.

"எத்தனை முள்ளைத்தான் அந்த முனைக்குத் தாரை வாக்குறது? காட்டெருமை மாட்டினாலும் இது அறாதாம். நீ இரைக்கு அட்டைப்பூச்சி மட்டும் குடு," என்றாள்.

"அங்க இது ஆகாது லவீனா. கம்பு முறிஞ்சிரும்."

"முறிஞ்சா என் கம்புதானே முறியுது? உன் கடையில வாங்கலன்னு வயித்தெரிச்சல் உனக்கு."

"அப்போ நானும் வர்றேன்."

"வாயேன். பிளம் பழம் போட்ட கூகன் கேக் சுட்டு வச்சிருக்கேன், ரெண்டு பேருக்குப் போதும்."

படகை நான் ஓட்டினேன். முனையை விட்டு ஒதுங்கத்தான் பார்த்தேன். இன்னும் உள்ளே போ, இன்னும் உள்ளே போ என்று அவள் விடவில்லை. கம்பு வளைந்தது. நல்ல கம்பு, ஒப்புக்கொள்ள வேண்டும். அறுத்துவிடு என்றேன். "மரம் இல்ல வெண்டலின், வருது," என்று சுற்றிக்கொண்டே இருந்தாள்.

முதலில் மஞ்சள் கயிறு வந்தது, அப்புறம் அவனுடைய ரப்பர் கால்சட்டையின் தோள்வார். கயிற்றில் நான் போடும் முடிச்சு. கடையில் விற்கிற ஒவ்வொரு முள்ளிலும் இருக்கிற அந்த முடிச்சை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. சரி, கரைக்குப் போகலாம், முடிந்தது என்று எனக்குள் ஓர் அமைதிகூட வந்தது. இயந்திரத்தைக் கிளப்பக் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "அன்னைக்குக் காலையில என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தான். பாவம் வெண்டலின், மக கிட்ட போகட்டும், கடையை வித்துரலாம். மீன் பிடிச்சு முடிச்சதும் படகுலயே சொல்றேன்னான்."

இன்று நானும் லவீனாவும் போனதை ஊரே பார்த்தது, நான் தனியாகத் திரும்பியதையும் பார்த்தது. மறைக்க ஒன்றும் இல்லை. நூலின் முனையை ஒரு சிவப்பு மிதவையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அறாது, மெல்ல இழுங்கள், இரண்டு பேரும் வருவார்கள். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை, ஆபீசர். அந்த ஒன்றை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் பத்திரமாகக் கரையில் இறக்கிவிட்டிருப்பேன்.