மணி அடிக்காத ஞாயிறு

– மழுப்பாம சொல்லுடா. மணி அடிக்க வேண்டியவன் நீ. என்ன ஆச்சு?

– தூங்கிட்டேன்க்கா.

– செபம் சொல்லிக் குடுக்குற துறவி, செபத்துலயே தூங்கிட்டியா!

– மெதுவா பேசுக்கா. கதவுக்கு வெளிய ஆளுங்க நிக்கிறாங்க.

– முப்பது வருஷம் வார்டுல கத்தின நர்ஸ் தொண்டை இது. ரகசியமெல்லாம் வராது. கையை நீட்டு, பிரஷர் பாக்கணும்.

– நாலு வருஷமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்காதவ, வந்ததும் வராததுமா பிரஷர் பாக்குறே.

– பேச்சை மாத்தாதே. எவ்வளவு நேரம் தூங்கினே?

– மௌனமா இருபது நிமிஷம்தான் உக்காரணும். முடிஞ்சதும் நான் மணி அடிப்பேன், எல்லாரும் எந்திரிப்பாங்க. போன ஞாயித்துக்கிழமை கண்ணைத் திறந்து பாத்தா, ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் ஓடிப்போச்சு.

– ஒருத்தர்கூட எந்திரிக்கலையா?

– அறுபது பேருக்கா. ஒருத்தர் அசையல. 'மனசுல எது வந்தாலும் விரட்டாதீங்க, வா உக்காருன்னும் சொல்லாதீங்க, மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே இருங்க'ன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்? கால் மரத்துப்போய், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க.

– நல்லா வளத்திருக்கே!

– சிரிக்காதேக்கா. நான் சிலுவையைப் பாத்து உக்காந்திருந்தேன், அவங்களுக்கு என் முதுகுதான் தெரிஞ்சுது. 'என்ன ஆழம், என்ன ஆழம்'னு அழுதாங்க. ஒரு அம்மா என் அங்கியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. எங்க மடத்துத் தலைவர் 'நீண்ட மௌன அமர்வு'ன்னு வாசல்ல போர்டே வெச்சுட்டார். இன்னிக்கு ரெண்டு பஸ் வந்திருக்கு.

– அடேங்கப்பா! குறட்டை விட்டியா?

– தூங்கினவனுக்கு எப்படிக்கா தெரியும்?

– நூத்தி அறுபது. எகிறிக்கிட்டுப் போகுது. இப்ப என்ன பண்ணப் போறே?

– உள்ள போய் உண்மையைச் சொல்லிடுவேன். முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்தது போதும். இனிமே சமையக்கட்டுல காய் நறுக்கறேன். அதுல யாரையும் ஏமாத்த முடியாது.

– நீயா? பாவம், சமையக்காரர் என்ன பாவம் பண்ணினாரோ.

– அதில்லக்கா. இந்தச் செபத்துக்காக எதையெல்லாம் விட்டேன்னு உனக்குத் தெரியும்.

– ம்.

– அம்மா போனப்ப எட்டு நாள் மௌனம் நடத்திக்கிட்டிருந்தேன். அந்த எட்டு நாளும் எந்தச் சேதியும் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தான். வெளிய வந்தப்ப, நீ பதினோரு தடவை கூப்பிட்டதா ஒரு சீட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள அடக்கமே முடிஞ்சுபோச்சு.

– பதினாலு தடவை.

– அப்படிப்பட்ட செபத்துல உக்காந்து தூங்குறேன்க்கா. என் மூஞ்சியை நானே பாக்க முடியல.

– தூங்கினேன்னு தாராளமா சொல்லு. சொல்லத்தான் வேணும். ஆனா சமையக்கட்டுக்குப் போகாதே.

– ஏன்?

– போன ஞாயித்துக்கிழமை நானும் இங்க இருந்தேன். கடைசி வரிசை.

– நீயா? அப்புறம் ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டே?

– உன் வாயால வரட்டும்னுதான். நீ உக்காந்தப்புறம் உள்ள வந்தேன். மணி அடிச்சதும் எந்திரிச்சு, 'இனிமே நீ எனக்குத் தம்பியே இல்ல'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். பஸ்ல வரும்போது நாலு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

– அக்கா...

– அஞ்சாவது நிமிஷமே நீ தூங்கிட்டே. தோள் இறங்கினா நர்சுக்குத் தெரியாதா?

– அப்ப என்னைத் தட்டி எழுப்பியிருக்கலாமே!

– எப்படிடா எழுப்புவேன்? தலை சாஞ்சதும் உன் பின்கழுத்து தெரிஞ்சுது. அப்படியே அம்மா கழுத்து. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துச்சு, கோபம் எங்கே போச்சுன்னே தெரியல.

– நீ செபம் பண்றதையே விட்டுட்டேன்னு சொன்னாங்களே.

– விட்டுட்டுதான் இருந்தேன். அன்னிக்கு மறுபடியும் பண்ணினேன், 'ஆண்டவரே, இவன் முழிச்சுடக் கூடாது'ன்னு.