நீலக் கூப்பனும் ஒரே நாணயமும்

இந்த அவைக்குத் தலைமையேற்று, பேச்சாளரின் முகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் யோகலிங்கம் அண்ணை அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிறைத்து முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று, இப்போதுதான் கை துடைத்துக்கொண்டு வந்து அமரும் தாய்மாரே, பக்கத்து ஊர்களான எசனிலிருந்தும் ஹெர்ட்டனிலிருந்தும் எங்கள் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து இந்த மண்டபத்தைச் சிறிதாக்கிவிட்ட உறவுகளே, பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று பின்கதவோரம் சாய்ந்து நிற்கும் என் வயதுத் தோழர் தோழியரே, உங்கள் எல்லோரையும் பிரபாலினியாகிய நான் பணிவோடு வணங்குகிறேன்.

முதலில் ஒரு சிறு மன்னிப்பு. நான் பேசுகிறவள் அல்ல. பேசுகிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்க்கிறவள். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால் மட்டும் இந்தப் பெரிய அவைக்கு ஒரு பேச்சு எழுத எனக்குத் தகுதி வந்துவிடாது. ஆனாலும் எழுதிவிட்டேன். எழுதியதற்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரோ "மைக்கைக் கிட்டப் பிடியுங்கோ" என்கிறீர்கள். பிடித்துவிட்டேன். இனி என் இதயம் அடிப்பதும் உங்களுக்குக் கேட்கும்.

தலைப்பு என்னுடையது அல்ல, தலைவருடையது. போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, உலகத்துப் பெரிய நாடுகள் எல்லாம் ஒரே காசைப் பாவிச்சா என்ன? நீ உதைத்தானே படிச்சனி. வந்து சொல்லு. ஆனா எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்றார். பொருளியல் பட்டத்துக்காக நான் எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு கடினமான நிபந்தனை இருந்ததில்லை.

அன்பானவர்களே, ஒரே நாணயத்தின் இன்பத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஜேர்மனியில் மார்க் இருந்த காலத்தை நான் அறியேன். அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மீன் வாங்க எல்லை தாண்டி வென்லோவுக்குப் போவார்களாம். அப்பாவின் ஒரு பையில் மார்க், மறு பையில் ஒல்லாந்துக் கில்டர். மீன்காரர் விலை சொல்வார். அப்பா கண்ணை மூடிக் கில்டரை மார்க்காக்குவார், மார்க்கைத் திரும்பக் கில்டராக்குவார். கண்ணைத் திறக்கும்போது அந்த மீன் வேறொருவரின் பைக்குள் போயிருக்கும். யூரோ வந்தது. அப்பாவுக்கு மீன் கிடைத்தது. பொருளாதார ஒருமைப்பாட்டின் பயனை எங்கள் வீடு முதன்முதலில் உணர்ந்தது குழம்புச் சட்டியில்தான்.

"மார்க்தான் திறம்" என்று முன்வரிசையிலிருந்து சோதிலிங்கம் அண்ணை சொல்கிறார். தெரியும் அண்ணை. பாண் வாங்கினாலும் பஸ் ஏறினாலும் நீங்கள் இன்னும் மார்க்கில்தான் விலை பார்க்கிறீர்கள் என்பது இந்த ஊருக்கே தெரியும். உங்களிடமும் வருகிறேன்.

எல்லை மாறினும் காசு மாறாது. ஊர் மாறினும் விலை விளங்கும். இது இன்பம் அல்லவா? அப்படியானால் இந்த இன்பத்தை ஏன் ஐரோப்பாவோடு நிறுத்த வேண்டும்? டொலரும் யென்னும் யுவானும் யூரோவும் தத்தம் பெயர் துறந்து, நிறம் துறந்து, ஒன்றாய்க் கலந்தால் என்ன? நியூயோர்க்கில் ஒரு காசு, தோக்கியோவில் அதே காசு, டிரெஸ்டனில் அதே காசு என்று ஆகிவிட்டால் என்ன? இதற்கு நான் படித்த புத்தகங்களில் பக்கம் பக்கமாக விடை இருக்கிறது. அதை இங்கே வாசித்தால் கதவோரம் காலியாகிவிடும். ஆகவே, போன கோடை விழாவில் நாம் எல்லோரும் கண்ணால் கண்டதையே சொல்கிறேன்.

முன்பெல்லாம் மூன்று ஊர்த் தமிழ்ச் சங்கமும் சேர்ந்து விழா எடுத்தாலும் உணவுக் கடைக்கு மூன்று நிறக் கூப்பன். எசனுக்குச் சிவப்பு, நமக்குப் பச்சை, ஹெர்ட்டனுக்கு மஞ்சள். ஒவ்வொரு சங்கமும் தன் கூப்பனைத் தானே வாசலில் விற்கும்; என்ன விலைக்கு விற்பது என்பதையும் தானே முடிவெடுக்கும். சிவப்பை நீட்டிப் பச்சைக் கடையில் தேத்தண்ணீர் கேட்டால் கிடைக்காது. கையில் மஞ்சளை வைத்துக்கொண்டு கொத்துரொட்டியின் வாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு போனவர்கள் இங்கே எத்தனை பேர்? கை உயர்த்த வேண்டாம், முகமே சொல்கிறது.

அதனால் போன கோடையில் மூன்று சங்கமும் கூடி முடிவெடுத்தன. இனி ஒரே கூப்பன், நீலக் கூப்பன். எந்தக் கடையிலும் செல்லும். மாலையில் எந்தக் கடையில் எவ்வளவு நீலம் சேர்ந்ததோ அவ்வளவு பணம் அந்தச் சங்கத்துக்கு. என்ன கைதட்டல் அன்றைக்கு. இதோ பிறந்தது நமது யூரோ.

விழா நாளும் வந்தது. வெயிலும் வந்தது. அது சாதாரண வெயில் அல்ல. தார் வீதி இளகி, மர நிழலுக்கு இடம்பிடிக்கச் சனம் சண்டை போட்ட வெயில். அந்த வெயிலில் எசன் கடையில் கொத்து, நம் கடையில் குளிர்ந்த சர்பத். ஹெர்ட்டன் கடையில் என்ன? பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டு, ஆவி பறக்க, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் பானை நிறைய ஒடியல் கூழ்.

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அங்கே ஒருவர் சிரிக்கவில்லை. ஹெர்ட்டனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் தேவமலர் அக்கா. சின்னச் சங்கம், வகுப்பு நடக்கும் அறைக்கு ஆண்டு முழுவதற்குமான வாடகை இந்த ஒரு நாள் கடையிலிருந்துதான் வரவேண்டும். கூழ் போகாவிட்டால் வகுப்பும் போய்விடும்.

முந்திய ஆண்டுகளில் இப்படி நேர்ந்தால் ஹெர்ட்டன் என்ன செய்யும்? வாசலில் மஞ்சள் கூப்பனைப் பாதி விலைக்கு விற்கும். கடைப் பலகையில் விலை அப்படியே இருக்கும், ஒரு கிண்ணம் ஒரு கூப்பன். மானமும் அப்படியே இருக்கும். கூழ் மட்டும் தீர்ந்துவிடும். தன் பொருள் விலைபோகாத காலத்தில் ஒரு நாட்டுக்குக் கைகொடுப்பதும் இதுதான். அதன் நாணயம் மதிப்பில் சற்று இறங்கும், பலகையைத் தொடாமலே பொருள் மலிவாகும். ஆனால் நீலம் எல்லோருக்கும் பொது. அதை ஹெர்ட்டன் தனியாக இறக்க முடியுமா? முடியாது. மிச்சம் இருந்தது பலகையைத் தொடுவது ஒன்றுதான்.

கடைக்குப் பொறுப்பாக நின்றவர் நாகமுத்து அண்ணை. ஒரு கூப்பனுக்கு இரண்டு கிண்ணம் என்று எழுதுவோமா என்று தேவமலர் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்துக் கடையில கொத்து ஒரு கூப்பன். எங்கட கூழ் அரைக் கூப்பனோ? ஊர் சிரிக்கும், பிள்ளை."

"ஊர் சிரிச்சுப்போட்டுப் போகட்டும் அண்ணை. வகுப்பைப் பூட்டினாப் பிள்ளையளை எங்க கொண்டுபோய் விடுறது?"

அண்ணை பலகையைத் துடைத்தார். சோக்கட்டியை எடுத்தார். யோசித்தார். பிறகு அதே விலையை முன்னையதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினார். விலை ஏன் எளிதில் இறங்குவதில்லை என்று எங்கள் பேராசிரியர் ஒரு பருவம் முழுவதும் விளக்கினார். எனக்கு விளங்கியது அந்தச் சோக்கட்டியில்தான்.

அந்த நேரத்தில் எசன் கடையில் வேறு பிரச்சினை. வரிசை வாசல் வரை நீண்டிருந்தது, கொத்துவதற்குக் கையில்லை. அங்கே நின்ற சந்திரா அக்கா இந்தப் பக்கம் திரும்பினார்.

"நாகமுத்து அண்ணை, உங்க நிண்டு ஈ கலைக்கிறியள். இஞ்ச எனக்குக் கை போதாது. வந்து கொத்துங்கோ."

"ஹெர்ட்டன்காரன் எசன் கொத்தைக் கொத்தினா அது எந்தக் கணக்கில சேரும்?"

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல கொத்துற தகட்டைப் பிடியுங்கோ."

பிடித்தார். என்ன பிடி அது. தகடு இரண்டும் தாளம் போட, சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் குவளையோடு எழுந்து வந்தார்கள். ஹெர்ட்டன் கடையில் நின்ற எல்லோரும் எசன் கடைக்குள் புகுந்தார்கள்; வெங்காயம் உரித்தார்கள், தட்டு நீட்டினார்கள், கலகலவென்று கதைத்தார்கள். மாலையில் காற்று மாறிக் கொஞ்சக் கூழும் போனது. விழா முடிந்ததும் சந்திரா அக்கா தங்கள் கடையில் சேர்ந்த நீலத்தையும் ஹெர்ட்டனின் நீலத்தையும் ஒரே சட்டியில் கொட்டினார். இரண்டு கடைக்கும் சேர்த்துத்தான் எல்லோரும் வேலை செய்தோம், இதில் எங்களது உங்களது இல்லை என்றார். வகுப்பு அறையின் வாடகை வந்து சேர்ந்தது.

அன்பானவர்களே, ஒரே நாணயத்தைத் தாங்கி நிற்பவை இவை இரண்டும்தான். வேலை இல்லாத இடத்திலிருந்து வேலை இருக்கும் இடத்துக்கு மனிதர் தடையில்லாமல் போகவேண்டும். நல்ல நாள் கண்டவர், கெட்ட நாள் கண்டவரோடு ஒரே சட்டியில் பங்கிடவேண்டும். இவை இரண்டும் இல்லாத ஒரே நாணயம், வலியவருக்கு வசதி, மெலியவருக்கு விலங்கு.

இப்போது உலகத்தைப் பாருங்கள். ஒசாகாவில் ஒருவருக்கு வேலை போனால் அடுத்த வாரமே சிக்காகோவில் வேலைக்குச் சேரலாமா? ஷங்காயில் கட்டிய வரி, லிஸ்பனில் வேலையற்றவருக்குப் போய்ச் சேருமா? விசா வரிசையில் நின்ற கால்கள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கின்றன. அந்தக் கால்களைக் கேளுங்கள், விடை சொல்லும். காசு எல்லை தாண்டும், கப்பல் எல்லை தாண்டும், மனிதர் மட்டும் தாண்ட ஏலாது என்றால் அந்த ஒற்றுமை யாருக்கான ஒற்றுமை? ஆகவே தலைவர் அவர்களே, உங்கள் கேள்விக்கு என் விடை: பெரிய பொருளாதாரங்களுக்கு ஒரே நாணயம் இன்றைக்கு வேண்டாம். சோதிலிங்கம் அண்ணை கைதட்டுகிறார். பொறுங்கோ அண்ணை, பாதிதான் சொன்னேன். சட்டியைப் பொதுவாக்க மனம் வரும் நாளில் காசையும் பொதுவாக்கலாம். யூரோவுக்குள்ளேயே அந்தச் சட்டி இன்னும் முழுதாய் அடுப்பேறவில்லை. அதனால்தான் அங்கே இன்றும் வாக்குவாதம். ஆனால் அடுப்பு மூட்டியாயிற்று என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

நமது அடுப்புக்கு வருகிறேன். எசன் சங்கத்தின் கதிர்காமநாதன் அண்ணை போன கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார். "இந்த முறை குடுத்தம், சரி. ஒவ்வொரு முறையும் குடுக்க ஏலுமோ? அவை அடுத்த வெயிலுக்கும் கூழே காய்ச்சினா?" சிரிக்காதீர்கள், அது நியாயமான கேள்வி. ஐரோப்பிய மந்திரிமார் விடிய விடியக் கூடி ஒருவரையொருவர் கேட்பதும் இதே கேள்விதான். அதைக் கேட்டதும் தேவமலர் அக்கா குரல் உயர்த்தவில்லை. "அப்ப எங்களுக்கு எங்கட மஞ்சளே போதும்" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் இன்றைக்கு இந்த வாக்கெடுப்பு.

மஞ்சளுக்குத் திரும்பினால் ஹெர்ட்டன் தப்புமா? கூப்பனைப் பாதி விலைக்கு விற்று விற்று வகுப்பை எத்தனை ஆண்டு நடத்தலாம்? நீலத்தை வைத்துக்கொண்டு சட்டியை மட்டும் மறந்தால் தப்புமா? நல்ல மனம் ஒரு கோடை காத்தது; அடுத்த கோடையைக் காப்பது யார்? தானமாக வந்தால் தலை குனியும். விதியாக வந்தால் தலை நிமிரும். தேவமலர் அக்கா இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அவர் கேட்கமாட்டார். அவரிடம் அகரம் படித்தவள் நான். அதனால் கேட்கும் கடமை எனக்கு வந்திருக்கிறது.

மேடை தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட மூத்தோருக்கும், சிரித்துச் சிரித்தே என் நடுக்கத்தைப் போக்கிய தாய்மாருக்கும், கடைசிவரை போகாமல் நின்ற கதவோரத்துக்கும் என் நன்றி, என் வணக்கம். இறங்குவதற்கு முன் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இன்றைய வாக்கெடுப்புக்கு வைத்திருப்பது இரண்டே தெரிவு: நீலமா, பழைய மூன்று நிறமா. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். நீலம் இருக்கட்டும், ஒவ்வொரு கடையும் தான் சேர்த்ததில் ஒரு பங்கை முதலிலேயே பொதுச் சட்டியில் போடட்டும், வெயிலோ மழையோ கெடுத்த கடைக்கு அதிலிருந்து உரிமையோடு போகட்டும், அதற்கு ஈடாக, எந்தக் கடையில் என்ன சமைப்பது என்பதை மூன்று சங்கமும் ஒன்றாய் இருந்து முடிவெடுக்கட்டும். யோகலிங்கம் அண்ணை, இதைச் செயற்குழு அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். எல்லோரும் இருக்கிறார்கள், சாப்பாடும் இன்னும் திறக்கவில்லை. இப்போதே, இங்கேயே கேட்டுவிடுங்கள். உயரும் கைகளைப் பார்க்கும்வரை நான் இந்த மேடையிலேயே நிற்கிறேன்.