கௌசலாவின் கேள்வியை வெட்டின ஆள்

…அதைத்தான் சொல்லுறன் பிள்ளை, புதுசா வாற சனத்தை இப்பிடி விரட்டினா பேந்து ஆர் வருவினம்? இரும், இரும், உம்மடை உடுப்புத் தோய இன்னும் இருவது நிமிசம் கிடக்கு. இந்தக் கட்டிடத்துக்கு நீர் வந்தே ஒரு கிழமைதானே நிரஞ்சலா? பேஸ்மென்ருக்கு உடுப்புத் தோய்க்க வந்தா இந்தக் கனகசிங்கத்தின்ரை கதையையும் சேத்துக் கேக்கத்தான் வேணும். ஹா!

எங்கை விட்டனான்? ஆ, கருத்துக்களம். இன்ரநெற்றிலை எங்கடை ஆக்கள் ஒரு முப்பது பேர் கூடி, கொம்பியூட்டரிலை தமிழ் அடிக்கிற மென்பொருள் செய்து சும்மா குடுக்கிறம். லண்டன், சிட்னி, இங்கை மொன்றியல்… நல்ல காரியம்தானே? ஆனா ஒரு புது ஆள் நிலைக்கிறேல்லை!

என்ரை தங்கச்சி கௌசலா, திருகோணமலையிலை ரீச்சர். எனக்குத் தமிழிலை ஈமெயில் எழுதவேணுமெண்டு ஆசைப்பட்டு, களத்துக்கு வந்து, தமிழை எப்பிடி அடிக்கிறது எண்டு கேட்டாள். இங்கிலிஸ் எழுத்திலை. பாவம், வேறை எப்பிடிக் கேப்பாள்? ரெண்டு நிமிசத்திலை அதை வெட்டியெறிஞ்சுபோட்டு ஒருத்தன் மறுமொழி போட்டிருக்கிறான், "கேள்விகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் கேட்கவும்" எண்டு.

சிரியாதையும்! தமிழ் அடிக்கத் தெரியாமத்தானே அவள் வந்தவள்! நீச்சல் பழக வந்தவளை, அக்கரைக்கு நீந்திப் போய்ப் பேர் பதியச் சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு! பதினாறு வருசமா நான் காணாத தங்கச்சி, பிள்ளை. ஃபோனிலை அழுதாள். "உது எனக்குச் சரிவராது அண்ணை" எண்டு இப்ப கொம்பியூட்டர்ப் பக்கமே போறாளில்லை. எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு.

ஆர் அவனோ? அது… இந்த மிஷின் என்ன இப்பிடிக் கத்துது? கட்டிடம் பாக்கிற கொன்சியேர்ஜிட்டை எத்தினை தரம் சொல்லியாச்சு, அவர் பிரெஞ்சிலை 'வுய், வுய்', ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போயிடுவார்… என்ன? ஓம், ஆளைத் தெரியும். மொன்றியல்தான். இந்த லாசால் பக்கம்தான்… இந்தக் கட்டிடம்தான்… மூண்டாம் மாடி.

ஓம் பிள்ளை, மூண்டாம் மாடியிலை நான்தான் இருக்கிறன்.

பேரைப் பாக்கேல்லை, எழுத்தைத்தான் பாத்தன்! அந்தச் சட்டமும் நான்தான் போட்டது. தமிழ் வளரட்டும் எண்டுதானே… சரி, விடும். முந்தநாள் அதைத் தூக்கிப்போட்டன். எந்த எழுத்திலையும் கேளுங்கோ எண்டு மேலை பெரிசா எழுதியும் விட்டன். ஆனா அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரேல்லை. "அவனைப் பிடிச்சு நல்லா ஏசிப்போட்டன், நீ வா" எண்டன்.

வரமாட்டாளாம். அந்த மனிசன் அங்கை இருக்குமட்டும் எட்டியும் பாக்கமாட்டாளாம். "நீங்கள் அங்கை பெரிய ஆள்தானே அண்ணை, முதல்லை அவரைக் களத்தை விட்டுக் கலைச்சுவிடுங்கோ, அண்டைக்கே எழுதுறன்" எண்டு ஒரே பிடியா நிக்கிறாள்.

நீரே சொல்லும் பிள்ளை, நான் ஆரைக் கலைக்கிறது?