செங்கரட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் ஏற்றிய பிளம்பர் அங்கமுத்து

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பேரூராட்சித் தலைவர் மலர்விழி அவர்களே! பிளம்பர்கள் சங்கச் செயலாளர் தம்பி சிவபிரகாஷ் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அங்கமுத்து அண்ணனின் துணைவியார் குஞ்சம்மாள் அக்கா அவர்களே! வேலையைப் போட்டுவிட்டு, தறியை நிறுத்திவிட்டு இந்த மண்டபம் கொள்ளாமல் வந்து நிற்கும் செங்கரட்டு மக்களே! உங்கள் எல்லோருக்கும், அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மஞ்சுளாவின் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு அழுவதற்காக நான் வரவில்லை. வென்ற மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அங்கமுத்து அண்ணன் வென்றார்! நம் கண் முன்னால் வென்றார்! அந்த வெற்றியைத்தான் நாம் இன்று காலையில்கூடக் குடித்துவிட்டு வந்தோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? குழாயில் வந்தது ஆழ்துளைக் கிணற்று நீர். பார்க்கத் தெளிவு, வாயில் வைத்தால் உப்பு. மூன்று விசில் விட்டாலும் பருப்பு வேகாது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நுரை வராது. குளித்துவிட்டு வந்தால் தலைமுடி சிக்குப் பிடித்து நிற்கும். எத்தனை வெள்ளைச் சீருடைகள் பழுப்பேறின! எத்தனை எவர்சில்வர் குடங்களில் வெள்ளைத் திட்டு படிந்தது! வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்ததை எத்தனை முறை பார்த்துக் கூனிக் குறுகினோம்!

அந்த உப்புத் தண்ணீர்தான் அங்கமுத்து அண்ணனுக்குப் பிழைப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்ட குழாய்களை மாற்றினார். எரிந்துபோன ஹீட்டர் காயில்களைக் கழற்றினார். மூன்று தெருக்களில் எந்த வீட்டுக் குழாய் எந்த மாதம் அடைக்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். உப்புத் தண்ணீர் இருக்கிறவரை அவருக்கு வேலை உண்டு.

அப்படிப்பட்டவர் அதை எதிர்த்து ஏன் கிளம்பினார்?

குடிதண்ணீருக்காகக் குஞ்சம்மாள் அக்கா தினமும் தோட்டத்துக் கிணற்றுக்கு நடப்பார். போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை கிலோமீட்டர். ஒரு மழை நாளில் வரப்பு வழுக்கி, குடத்தோடு விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் கட்டில். ஒருநாள் வேலைக்குக் கிளம்பிய கணவரைப் பார்த்து அக்கா கேட்டார்:

"ஊருல இருக்கற ஊட்டுக்கெல்லாம் கொழா போட்டுக் குடுக்கறீங்க. நம்மூட்டுக் கொழாவுல ஒரு சொம்பு நல்ல தண்ணி புடிச்சுக் குடிக்க முடியுதுங்களா?"

அண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. நேராக எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் ஆறு பாட்டில்கள், ஆறு தெருக்களின் தண்ணீர்.

"ஏனுங்க டீச்சர், மனுசனுக்கு ரத்தம் பாக்கற மாதிரி தண்ணிக்கும் ஏதாச்சும் பாக்க முடியுங்களா?"

முடியும் என்றேன். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக் காட்டினேன். மழைநீரில் நாலு சொட்டில் நுரை எழும்பியது. எங்கள் தெருத் தண்ணீரில் நாற்பது சொட்டு விட்டும் வெள்ளையாகத் திரிந்துதான் நின்றது. அண்ணன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆத்துத் தண்ணிதானுங்க வழி," என்றார்.

ஆற்றுத் தண்ணீருக்குக் குழாய் ஏற்கனவே இருந்தது, நண்பர்களே! காவிரிக் கூட்டுக் குடிநீர் போகிற பெரிய குழாயிலிருந்து, கரட்டுக் குன்றின் மேல் இருக்கும் நம் தொட்டிக்குக் கிளைக்குழாய் போட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆற்று நீர் வரும்வரைக்கும் என்று அதே குழாயில் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டார்கள். வருடக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஆற்று நீரைத் திறந்தபோது அது நூல் போலத்தான் வந்தது. வந்து பார்த்த பொறியாளர் ஒருவர், "ஊரு மேட்டுல இருக்கு, தண்ணி ஏறாது" என்று எழுதிவிட்டுப் போனார். நாமும் நம்பினோம். படித்த நானும் நம்பினேன்!

அண்ணன் நம்பவில்லை. "ஊட்டுக்குள்ள போற பைப்பெல்லாம் அடைக்குது. தொட்டிக்கு வர்ற பைப்பு மட்டும் எப்படீங்க அடைக்காம இருக்கும்?" என்று கேட்டார். தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டு மனு எழுதினார். நான் எழுதிக் கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். பதினோரு மனுக்கள், இரண்டு வருடம். பதில் இல்லை.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டுமா வந்தது? தம்பி சிவபிரகாஷ் என்னை மன்னிக்க வேண்டும். சொல்லாமல் விடக்கூடாது என்று தம்பியே காலையில் என்னிடம் சொன்னார். அன்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவர் அவர்தான்: "ஏனுங்ணா, நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கறதுங்களா?"

அண்ணன் கோபப்படவில்லை. "அடுத்தவனூட்டுக் கொழா அடைச்சாத்தான் நமக்குச் சோறுன்னா, அந்தச் சோறு எனக்கு எறங்காது சாமி," என்றார். "புதுசா ஊடு கட்டறவன் இருக்கறான். அவனுக்குப் பைப்புப் போட்டுப் பொழைப்பம்."

அன்று சங்கத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

பிறகுதான் அந்த உடைப்பு வந்தது. பேருந்து நிறுத்தத்தின் அருகே கிளைக்குழாய் வெடித்துச் சாலையெல்லாம் தண்ணீர். சரிசெய்ய யாரைக் கூப்பிடுவார்கள்? அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள்! இரண்டு வருடமாக அவர் தோண்ட நினைத்த குழாயை, அவர்களே தோண்டிக் கொடுத்தார்கள்! கெட்டுப்போன பகுதியை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து எடுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட வண்டியில் கட்டிக்கொண்டு, வார்டு உறுப்பினர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் நுழைந்தார். மேசை மேல் வைத்தார்.

"இது நாலு இஞ்சு பைப்புங்க. உள்ளங்கை போகோணும். யாராச்சும் ரெண்டு வெரலு உட்டுக் காட்டுங்க பாக்கலாம்."

அன்று வார்டு உறுப்பினராக இருந்த மலர்விழி அவர்கள்தான் எழுந்து வந்தார். ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் போகவில்லை. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு! பாறை மாதிரிச் சுண்ணாம்பு!

"ஊரு மேட்டுல இருக்கறது குத்தமில்லீங்க," என்றார் அண்ணன். "பைப்புக்குத் தொண்டை அடைச்சிருக்குது."

அந்த ஒரு வாக்கியம் பதினோரு மனுக்களால் ஆகாததைச் செய்தது. மலர்விழி அவர்கள் அங்கேயே தீர்மானம் முன்மொழிந்தார். குழாய் முழுவதையும் மாற்ற ஒப்புதல் வந்தது. வேலை தொடங்கிய முதல் நாள் குழியோரத்தில் யார் நின்றார்கள் தெரியுமா? எழுந்து போன அந்தப் பாதிப் பேர்! முன்னால் நின்றவர் சிவபிரகாஷ்! "நானும் வாரேனுங்ணா" என்ற ஒரே வார்த்தையோடு கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதம். பிறகு தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலை. குழாய்கள் இருமின. காற்று வந்தது. செம்மண் கலந்து வந்தது. பிறகு வந்தது பாருங்கள், காவிரி! தெருவே கத்தியது! என் பக்கத்து வீட்டு ராஜம்மாள் தலைக்குச் சோப்புப் போட்டுவிட்டு, "ஐயோ, இந்த நொரை போகவே மாட்டேங்குதுங்களே!" என்று ஈரத்தலையோடு வெளியே ஓடிவந்தார். மதியம் சத்துணவுச் சமையலர் பொன்னாத்தாள் கரண்டியோடு என் வகுப்புக்கே வந்துவிட்டார். "டீச்சர், சாம்பார்ல பருப்பையே காணோமுங்க! எல்லாம் கரைஞ்சு போச்சுங்க!" நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று அண்ணன் எங்கே இருந்தார்? ஊர்வலத்தில் இல்லை. மாலை வாங்க மேடையில் இல்லை. தன் வீட்டு வாசல் குழாயில் ஒரு சொம்பு பிடித்து, குஞ்சம்மாள் அக்காவிடம் கொடுத்து, அக்கா குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அடுத்த மாதம் என்னை வழியில் நிறுத்தி, "டீச்சர், இந்த மாசம் ஒரு ஹீட்டர்கூட வேலைக்கு வரலீங்க!" என்றார். வேலை குறைந்ததை இவ்வளவு பெருமையாகச் சொன்ன வேறொரு மனிதரை நான் கண்டதில்லை. நீங்கள் கண்டதுண்டா?

அவர் அதோடு நிற்கவில்லை. கரட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்காட்டில் அறுபது வீடுகளுக்கு இன்றும் உப்புத் தண்ணீர்தான். "நமக்கு வந்துருச்சுன்னு நாம குடிச்சுட்டு உக்காந்தா எப்படீங்க?" என்பார். சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை அங்கே குழாய்ப் பாதையை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அறுபத்தேழு வயது. மதியத்துக்குள் போய்விட்டார்.

எனக்குத் துக்கம் இல்லையா? இருக்கிறது. ஆனால் இன்று உங்களிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது. மேட்டுக்காட்டுக் குழாய்க்கான ஒப்புதல் ஆணை நேற்று மாலை வந்துவிட்டது! தலைவர் அவர்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்!

அவர் அளந்து முடித்தது பாதித் தூரம். மீதியை நாம் அளப்போம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேட்டுக்காட்டு முனையில் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரும் சிவபிரகாஷ் தலைமையில் நிற்பார்கள். பாட்டில்களோடும் சோப்புக் கரைசலோடும் நானும் நிற்பேன். அறுபது வீடுகளிலும் நுரை எழும்புகிறவரைக்கும் விடமாட்டோம். அண்ணன் பெயரால் இந்த ஊர் அறிய உறுதி சொல்கிறேன்!

மேடையேறும் முன் குஞ்சம்மாள் அக்காவிடம், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்லி முடிக்கிறேன்:

"மேட்டுக்காட்டுல தண்ணி தொறக்கற அன்னிக்கு எனக்கு வண்டி அனுப்புங்க டீச்சர். மொதல் சொம்பை அங்க இருக்கற பொம்பளைங்களுக்கு நான் என் கையால புடிச்சுக் குடுக்கோணும்."

வண்டி வரும், அக்கா!