தூக்கத்தில் சொன்ன வாய்ப்பாடு

பதுளைக்குப் போகும் ரயிலில் வெற்றிலை விற்கும் கிழவர் ஒருவர், தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண வாத்தியார், அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய், நான். கிழவர் தூங்கிவிட்டார்.

“எம் மக தூக்கத்துல வாய்ப்பாடு சொல்றா சார். அழுதுகிட்டே சொல்றா,” என்றாள் தாய்.

“சொல்லட்டும், அப்பதான் மறக்காது. கெட்டிக்காரி. ஏன் ரெண்டு கிழமையா வரேல்லை?”

“ரெண்டு வாரமாப் பிரம்புக்குப் பயந்துகிட்டு வரமாட்டேங்குறா. முன்ன இருந்த சார் சிரிச்சுப் பேசுவாருங்க.”

“சிரிச்சவர்தான். ஒரு பிள்ளைக்கும் தன்ர பேர் எழுதத் தெரியாது. நான் படிப்பிக்க வந்தனான்.”

“ஆமாங்க. ஆனா அப்ப நாப்பது புள்ளைங்க ஓடி வந்துச்சுங்க. இப்ப எத்தனைங்க?”

“உங்கட மகளோட ஒன்பது.”

“அவ இனி வரமாட்டாங்க சார். கொழுந்தெடுக்கப் பேர் குடுத்தாச்சு.”

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

“எட்டு.”