மூடியில் எழுதிய பெயர்

கற்பகம்: ...ஓரம் உள்ள போகணும். ஒரு நூல் வெளிய தெரிஞ்சாலும் மொத்த டிரம்மையும் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து திருப்பி அனுப்பிருவாங்க.

கிருத்திகா: உள்ளதான போயிருக்குது?

கற்பகம்: இதுக்குப் பேரு உள்ளயா? குடு இங்கன. காஸ் துணி மடிக்கத் தெரியாம நர்சிங் ரெண்டாம் வருசம் வரைக்கும் எப்படிட்டி வந்த?

கிருத்திகா: வார்டுல மடிச்ச காஸ் கைக்கு வருது. எடுத்துப் புண்ணு மேல வெக்கறோம். எவ மடிச்சான்னு யாரு பாத்தா?

கற்பகம்: இப்பப் பாத்துக்கோ. ஆறு நாளா இந்தக் கற்பகந்தான் மடிக்கா.

கிருத்திகா: ...அக்கட்ட நகுரு. நானும் உக்காந்துக்கறேன்.

கற்பகம்: இவ்வளவு பக்கத்துலயா? டிரம் கொண்டுவார சிஜு பாத்தான்னா ஹாஸ்டல் பூரா சொல்லிருவான். அவன் நேத்து வாசப்படில நின்னுக்கிட்டே டிரம்மைக் காலால உள்ள தள்ளி விட்டுட்டுப் போறான்.

கிருத்திகா: அவங்கெடக்கறான். காலைல ஆறு மணிக்கு வார்டுக்குள்ள போனவ, இப்ப மணி மூணு. நடுவுல ஒரு பன்னு. கண்ணு ரெண்டும் எரியுது.

கற்பகம்: போய்ப் படுக்க வேண்டியதுதான?

கிருத்திகா: படுத்தா தூக்கம் வருமான்னு தெரியல... நீ சாப்ட்டியா?

கற்பகம்: எனக்கென்ன. உக்காந்த எடத்துல சோறு. மெஸ்ல தனித் தட்டு, தனி டம்ளர். கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

கிருத்திகா: மூக்குல இருக்கற கிருமி சோத்துத் தட்டுலயா ஏறி உக்காருது? மைக்ரோபயாலஜி படிக்கறவளுகளே இப்படின்னா...

கற்பகம்: படிச்சதுனாலதான் பயப்படுதாளுக. படிக்காத முத்துப்பேச்சி அக்கா நேத்துகூட எனக்கு ரெண்டு பழம் கொண்டுவந்து குடுத்தாங்க.

கிருத்திகா: நம்ம செட்டுல எத்தன பேரு மூக்குல பஞ்சு விட்டு எடுத்தோம்? இருபத்திரெண்டு. கிருமி வளத்துனதுல ஆறு பிளேட்டு மஞ்சளா வந்துச்சு. மத்த அஞ்சு பேரையும் யாரும் ஒண்ணும் சொல்லல.

கற்பகம்: அவங்க வெளிய போஸ்டிங். வீடு வீடாப் போயி பிரஷர் பாக்காங்க. நான் சர்ஜிக்கல் வார்டு. புண்ணு, தையல் உள்ளவங்ககிட்டப் போறவ. அதான் ஏழு நாள் வெளிய நிறுத்தி, மூக்குக்கு ஆயின்ட்மென்ட் போட்டு, திரும்பவும் பஞ்சு விட்டு ஒரு ஸ்வாப் எடுத்து... இன்னும் ஒரு நாள். ஏழு நாள் அட்டென்டன்ஸும் போச்சு. லீவுல எல்லாரும் ஊருக்குப் போவீங்க, நான் இங்கன கெடந்து அந்த மணிக்கணக்கைத் தீக்கணும்.

கிருத்திகா: ம்...

கற்பகம்: வார்டுல பொங்கியண்ணன் எப்படி இருக்காரு?

கிருத்திகா: கேப்பீன்னு தெரியும்.

கற்பகம்: சொல்லு.

கிருத்திகா: காச்சல் நூத்தியிரண்டு. தையல் நாலு பிரிச்சு விட்டிருக்குது. நாளைக்கு மறுபடி தியேட்டருக்குள்ள கொண்டு போயிக் கழுவறாங்களாம். கோபாலபுரத்துல இருந்து அவரு சம்சாரம் வந்து கட்டிலுக்குக் கீழயே உக்காந்திருக்கறாங்க.

கற்பகம்: சாதாரண ஹெர்னியா. நாலாம் நாள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவரு. எம் மூக்குக் கிருமிதான் அவரு புண்ணுக்குப் போச்சுன்னு பேசுதாங்க.

கிருத்திகா: உன்னையக் கேட்டாரு. "அந்தச் சாந்தன்பாறைப் புள்ளைய எங்கம்மிணி காணோம், அது கட்டுனாத்தான் கட்டு நோகாது"ன்னாரு.

கற்பகம்: ...அந்தக் கத்திரிய இப்படிக் குடு.

முத்துப்பேச்சி: ஏ தாயிகளா, இந்தாங்க. இன்னும் ரெண்டு கட்டு காஸ் வந்திருக்கு. வெட்டி வைக்கச் சொன்னாங்க.

கற்பகம்: வையுங்கக்கா. இந்தச் சென்மத்துல இது தீராது.

முத்துப்பேச்சி: கழுத்து வலிக்கும், அப்பப்ப நிமுந்துக்கோ. கிருத்திகா, நீ என்ன இங்கன? டூட்டி முடிஞ்சுட்டா?

கிருத்திகா: முடிஞ்சுதுங்கக்கா. சும்மா... சித்த நேரம்.

முத்துப்பேச்சி: உங்கிட்ட ஊக்கு இருக்கா புள்ள? மாராப்பு நிக்க மாட்டேங்கு. நாலு மணிக்கு மேட்ரன் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க.

கற்பகம்: உங்களையா? எதுக்கு?

முத்துப்பேச்சி: எதுக்குன்னா... சொல்லல. பதினோரு வருசமா கான்ட்ராக்ட்லயே பெட்பான் எடுக்கேன். போன மாசம் பெர்மனன்ட் லிஸ்ட் போடுதாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதுக்காகத்தான் இருக்கும்னு மனசு சொல்லுது. வாயத் தொறந்து யார்ட்டயும் சொல்லிறாதீங்க.

கற்பகம்: திரும்புங்க, நான் குத்திவிடுதேன். அசையாதீங்க... ம், சரியாப் போச்சு.

முத்துப்பேச்சி: சேலை மாத்தணுமா, இதே போதுமா?

கற்பகம்: இதுவே நல்லாத்தான் இருக்கு. இல்லட்டி?

கிருத்திகா: ஆங்... நல்லாருக்குதுங்க.

முத்துப்பேச்சி: இவ மூஞ்சி ஏன் இப்படிச் செத்துப்போயிக் கெடக்கு? தூங்கு புள்ள. படிச்சு முடிக்கதுக்குள்ள பாதி ஒடம்பு போயிரும் போல. சரி, மேல வார்டுல ஒரு பெட்டு கழுவணும், முடிச்சிட்டு நேரா அங்கன போயிருதேன். வாரேன்.

கற்பகம்: வாங்கக்கா.

...

கற்பகம்: பெர்மனன்ட் ஆச்சுன்னா நல்லா இருக்கும். மகளை எஸ்டேட்ல ஏலக்கா எடுக்க விட்டுட்டு இங்கன தனியாக் கெடக்காங்க. ...என்ன, அழுதியா?

கிருத்திகா: இல்ல. கண்ணு எரியுதுன்னேனல்ல.

கற்பகம்: கிருத்திகா.

கிருத்திகா: அந்தக்காவக் கூப்பிட்டது பெர்மனன்ட்டுக்கு இல்ல.

கற்பகம்: பின்ன?

கிருத்திகா: உனக்கு நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டீட்டு வருது, எங்க இருந்து சொல்றதுன்னு தெரியல... பொங்கியண்ணன் புண்ணுல எடுத்த சீழு, வெள்ளிக்கிழமை லேபுக்கு அனுப்புனாங்கல்ல. மத்தியானம் ரிப்போர்ட் வந்திருச்சு.

கற்பகம்: ...என்ன வந்திருக்கு?

கிருத்திகா: நம்ம மஞ்சக் கிருமி இல்ல. மூக்குல இருக்கற ஸ்டாஃபைலோகாக்கஸே கெடையாது. ஈ.கோலை.

கற்பகம்: ஈ.கோலையா.

கிருத்திகா: கொடல்ல இருக்கறது. மூக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நம்ம லேப் எடுக்கற ரிஞ்சு மிஸ் நர்சுக எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க. "பாவம் ஆ குட்டி, வெறுதே பழி கேட்டு"ன்னாங்க, பாவம் அந்தப் புள்ள வீணாப் பழி சுமந்துச்சுன்னு. உம்மேல ஒண்ணுமில்ல கற்பகம். நாளைக்கே உன்னைய வார்டுக்கு எடுத்துக்கறாங்க.

கற்பகம்: நாளைக்கேவா.

கிருத்திகா: என்ன புள்ள, ஒரு சந்தோசங்கூட இல்ல உம்மூஞ்சில?

கற்பகம்: முத்துப்பேச்சி அக்காவுக்கு என்ன சம்பந்தம்?

கிருத்திகா: கொடல் கிருமி புண்ணுக்கு எப்படி வந்துச்சுன்னு மேட்ரன் கேட்டாங்க. பொங்கியண்ணனுக்குப் பக்கத்துப் பெட்டு, ஏழாம் நம்பரு, வயித்தால போயிட்டு இருந்தாருல்ல. அவருக்குப் பெட்பான் எடுக்கறது யாரு, முத்துப்பேச்சி. எடுத்த கையோட இவரு கட்டத் தொட்டிருப்பாங்க, துணிய கிணிய மாத்தியிருப்பாங்கன்னு... விசாரிக்கக்கூட வேண்டாம், கான்ட்ராக்ட்ட இந்த மாசத்தோட முடிச்சிரலாம்னு பேசிக்கிட்டாங்க. நான் மருந்து எடுத்து வெச்சுட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு.

கற்பகம்: தெரிஞ்சும் சேலை நல்லாருக்குன்னு சொன்ன.

கிருத்திகா: வேறென்ன சொல்லச் சொல்ற? நீ ஊக்கு குத்தி விட்டுட்டு நிக்கற, அவங்க சிரிக்கறாங்க.

கற்பகம்: மணி என்ன?

கிருத்திகா: மூணு இருவத்தஞ்சு. கற்பகம்... இன்னொண்ணும் சொல்லோணும். இதச் சொல்லீட்டா நீ என்னைய அடிச்சாலும் சரி.

கற்பகம்: இப்ப வேண்டாம்.

கிருத்திகா: இப்பச் சொல்லலன்னா அப்பறம் சொல்லவே மாட்டேன். ஆறு நாளா தொண்டைல நிக்குது. அந்த மஞ்சப் பிளேட்டு உன்னுது இல்ல. என்னுது. செவ்வாக்கெழமை காலைல கிருமி வளத்தற இன்குபேட்டர் பெட்டியப் பாக்கற முறை எனக்கு. தொறந்தா பிளேட்டெல்லாம் தலகீழா இருந்துச்சு. எவளோ கவனமில்லாம வெச்சிருக்கறான்னு நம்ம ரெண்டு பேருதையும் நிமுத்தி வெச்சேன். தலகீழாத்தான் வெக்கோணும்னு மிஸ் சொன்னப்ப நான் தூங்கியிருப்பேன் போல. சாயங்காலம் பாத்தா மூடி பூரா வேர்த்து, இட்லிச் சட்டி மூடியாட்ட தண்ணி சொட்டுது. எங்கூட்டுல அம்மா மூடியத் தொடச்சுத் தொடச்சு வெக்கும்... நானும் ரெண்டு மூடியவும் எடுத்துத் தொடச்சேன்.

கற்பகம்: தொடச்சு மாத்திப் போட்டுட்ட.

கிருத்திகா: வேணும்னு இல்ல. எங்கப்பன் மேல சத்தியமா. மறுநா மிஸ் வந்து மூடில பேரப் படிச்சாங்க. கற்பகம்னு வாசிச்சாங்க, உள்ள பாத்தா பஞ்சு தேச்ச கோடு கோணல் கோணலா. என்னாட்டக் கோணலா எவ போடுவா? அப்பவே வாயத் தொறந்திருக்கோணும். இந்தச் சித்தூர்ல பாதிப் பேரு எனக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க. ஆஸ்பத்திரில பில் போடற எடத்துல எங்க பெரியம்மா மக. வேலந்தாவளத்துல இருந்து பொண்ணு பாக்க வாரதாச் சொல்லியிருக்கறாங்க. மூக்குல கிருமி இருக்கற புள்ளைன்னு ஊருக்குள்ள போச்சுன்னா... உனக்கு இங்க யாரும் இல்லைன்னு நெனச்சேன். மலைக்கு அக்கட்ட உங்கூர்ல யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன்.

கற்பகம்: நெனச்சுட்டு அதே மூக்கோட ஆறு நாளா வார்டுல கட்டு கட்டிட்டு இருக்க.

கிருத்திகா: மாஸ்க் ரெண்டு போட்டுட்டுத்தான் போனேன். அப்பறம்... உன்ற ஆயின்ட்மென்ட்ட எடுத்துப் போட்டுக்கிட்டேன். காலைலயும் ராத்திரியும், நீ குளிக்கப் போறப்ப. டியூப்பு வெசையாத் தீந்திருக்குமே, நீ பாக்கலயா?

கற்பகம்: பாத்தேன்.

கிருத்திகா: பாத்தியா?

கற்பகம்: உனக்காகத்தான் பெட்டிக்குள்ள வைக்காம சன்னல்ல வச்சிட்டுப் போனேன். நான் மூடில எழுதுனதோட விடல. மிஸ் சொன்ன மாதிரி தட்டுக்கு அடியிலயும் எழுதுனேன். என் ரோல் நம்பர், பதினாலு. அன்னிக்கு மஞ்சத் தட்டைக் கையில குடுத்துப் பாரும்மான்னாங்க. திருப்பிப் பாத்தேன், அடியில ஒண்ணுமே இல்ல. பதினாலு உன் பேரு மூடி போட்ட தட்டுல இருந்துச்சு. சுத்தமா.

கிருத்திகா: அப்ப... அப்பவே உனக்குத் தெரியுமா?

கற்பகம்: தெரியும்.

கிருத்திகா: ஆறு நாளா தெரிஞ்சேவா இங்க உக்காந்து காஸ் மடிக்கற? சிஜு காலால தள்ளறான், மெஸ்ல தனித் தட்டு, பொங்கியண்ணன் புண்ணு உன்னாலதான்னு வார்டே பேசுது... நான் என்னவோ எம்மானத்துக்குப் பயந்தேன். உனக்கென்ன? "மிஸ், இது என் தட்டு இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. எனக்காகவா வாய மூடீட்டு இருந்த?

கற்பகம்: உனக்காக இல்ல.

கிருத்திகா: பின்ன எதுக்குப் புள்ள?

கற்பகம்: நான் வார்டுல இருந்த கடைசி ஞாயித்துக்கிழமை மத்தியானம், மகளுக்குப் போன் பண்ணணும்னு முத்துப்பேச்சி அக்கா எங்கிட்டப் பத்து நிமிசம் கேட்டாங்க. நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி ஏழாம் பெட்டுக்குப் பெட்பான் எடுத்தது நான். கிளவுஸக் கழட்டிப் போட்டுட்டுக் கை கழுவப் போகணும். அதுக்குள்ள பொங்கியண்ணன், கட்டு இறுக்குதம்மிணி, சித்த தளத்தி விடுன்னாரு. குழாய் வார்டுக்கு அந்தக் கடைசில இருக்கு. விடியல்ல இருந்து நின்ன காலு. ஒரு இருபது அடி இருக்குமா... அந்த இருபது அடி நடக்க முடியாம, கழுவாத கையோட அவரு கட்டைப் பிரிச்சுத் திரும்பக் கட்டுனேன். நல்லா இருக்குன்னு கும்பிட்டாரு. மூணு நாள் கழிச்சு அவரு புண்ணுல சீழுன்னாங்க, அன்னிக்கே உன் தட்டு எம் பேருல வந்து நிக்கு. மூக்குல கிருமி இருந்தா அது யாரோட தப்பும் இல்லன்னு மிஸ் சொன்னாங்க பாரு, நான் அதைப் போயிப் பிடிச்சுக்கிட்டேன். இந்தக் கையப் பாத்து அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க. நகரு, அந்தக் காஸ மிதிச்சிராத. அக்கா அந்த ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் போகணும்.